சார்வாளுக்குச் சிலை வைப்பதா, மலர் போடுவதா?

களக்காடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய ஊரில், அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்துத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற பெரிய சார்வாள் மூன்று மாதத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். ஊருக்கும் அவர்தான் பெரியவர். குளத்து மடைத் தகராறு முதல் கல்யாணப் பேச்சு வரை அவருடைய திண்ணைக்கு வந்துதான் முடியும். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதுவரை நான்கு லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. பாதிப் பேர் பேருந்து நிறுத்தத்தில் மார்பளவு சிலை வைக்கலாம் என்கிறார்கள், மீதிப் பேர் நினைவு மலர் என்று ஒரு புத்தகம் போடலாம் என்கிறார்கள். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் முடிக்க வேண்டும், எது சரி என்று கேட்கிறார்.

கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். சிலையா மலரா என்பது மேலே தெரிகிற கேள்வி. அடியில் கிடப்பது, "நாங்கள் எல்லாரும் வெளியூரில் இருக்கிறோம், ஊர் அவரை மறந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?" என்ற கவலை. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். கேள்வியின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை தோறும் சார்வாள் திண்ணையில் ஒரு மர மேசையைப் போட்டு, முதியோர் பென்ஷன் மனு, பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் எல்லாம் எழுதிக் கொடுப்பாராம். இப்போது அந்தத் திண்ணை காலியாகக் கிடக்கிறதாம். அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன். மெய்ப்புப் பார்க்கத் தெரியும் என்பதால் ஓய்வுக்கு முன்னும் பின்னுமாக ஒன்பது நினைவு மலர்களில் வேலை பார்த்திருக்கிறேன், சில அறக்கட்டளைக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். சட்டமும் வருமான வரியும் என் துறை இல்லை. அந்த இடம் வரும்போது யாரிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

முதலில் சிலை. பேருந்து நிறுத்தத்தில் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பொதுச் சாலை, நடைபாதை, மற்ற பொதுப் பயன்பாட்டு இடங்களில் புதிதாகச் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. பள்ளி வளாகமோ சொந்தப் பட்டா நிலமோ என்றால் அது வேறு. வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுவிட்டுத்தான் அதில் கால் வைக்க வேண்டும். என் தயக்கத்துக்குக் காரணம் சட்டம் மட்டும் இல்லை. நம் பக்கத்தில் சிலை என்றால் அதைச் சுற்றிக் கம்பி வலையும், விசேஷ நாளில் போலீஸ் காவலும் சேர்ந்து வருகிறது. கூண்டுக்குள் நிற்கும் தலைவர்களைத் தினமும் பேருந்தில் கடந்துதான் போகிறோம். உங்கள் சார்வாளை அப்படிப் பார்க்க உங்களுக்கு மனம் வருமா?

பெயர் வைப்பதிலும் இந்த ஆபத்து உண்டு. திருநெல்வேலி ஒரு காலத்தில் நெல்லை கட்டபொம்மன் மாவட்டமாகவும், தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் மாவட்டமாகவும் இருந்தது இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்த பெயரை ஒட்டித் தென்மாவட்டங்களில் மோதல் மூண்டு, கடைசியில் 1997இல் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. நாட்டுக்கே பொதுவானவர்களுக்கு இந்த நிலைமை. தலைவர்கள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை, ஆளுக்கொருவரைத் தெரு பிரித்துச் சொந்தம் கொண்டாடினோம்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கேள்வியில் இருக்கும் ஒரு சொல். "சமுதாயத் தலைவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நல்ல அர்த்தத்தில்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் நம் பக்கத்தில் "சமுதாயம்" என்றால் காதில் விழுவது சாதி. போஸ்டரில் அந்தச் சொல்லைப் போட்டால், மறுநாளே அவர் ஒரு தெருக்காரருக்கு மட்டும் தலைவர் ஆகிவிடுவார். "ஊர்ப் பெரியவர்" என்றே போடுங்கள். கூட்டத்தைப் பள்ளியில் நடத்துங்கள், எந்தச் சங்கத்துக் கட்டடத்திலும் வேண்டாம். ஃபிளெக்ஸ் வைப்பதானால் அதன் நிறத்தைக்கூட யோசித்து வையுங்கள். 2023 ஆகஸ்டில் உங்கள் பக்கத்து நாங்குநேரியில் ஒரு மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்து, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிக்கூடத்துக்குள் சாதி அடையாளம் எப்படியெல்லாம் வருகிறது என்று ஒரு குழு உட்கார்ந்து விசாரிக்க வேண்டிய நிலைமையில் இருக்கிறோம். இந்த நேரத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருந்த ஒரு வாத்தியாரை அப்படியே பொதுவாக வைத்துக் காப்பாற்றுவதே பெரிய மரியாதை. குழுவில் யார் யார் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருக்கிறார்களா? பெண்கள் இருக்கிறார்களா?

சரி, சிலை இல்லாமல் ஒரு பெயர் நிலைக்குமா என்றால், பாளையங்கோட்டையைப் பாருங்கள். பிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையாரின் முகம் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் காது கேளாத பிள்ளைகளுக்கு அவர் தொடங்கிய பள்ளி நூறாண்டு தாண்டி அவர் பெயரிலேயே நடக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த மனோன்மணீயம் சுந்தரனாரும் தம் ஆசிரியரை மறக்காதவர். தத்துவம் கற்றுக் கொடுத்த ஹார்விக்குத் தம் நாடக நூலைக் காணிக்கையாக்கினார், திருவனந்தபுரத்தில் இருந்த வீட்டுக்கும் ஹார்விபுரம் என்று பெயர் வைத்தார். அந்த நாடகத்தில் வரும் சுந்தர முனிவர், அவருடைய ஞானகுருவான கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளை நினைத்துப் படைத்த பாத்திரம் என்றும் சொல்வார்கள். காணிக்கை நூலிலேயே அச்சாகியிருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. முனிவர் விஷயம் படித்தவர்கள் செய்த ஊகம், நல்ல ஊகம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. மலருக்கு வரும்போது இந்தப் பாகுபாடு உங்களுக்குத் தேவைப்படும்.

மலர் போடலாம். ஆனால் நம் ஊரில் மலர்கள் எப்படி வருகின்றன என்று எனக்குத் தெரியும். முதல் முப்பது பக்கம் வாழ்த்துச் செய்திகள், கடைசி முப்பது பக்கம் விளம்பரங்கள். நடுவில் நாற்பது கட்டுரை, நாற்பதிலும் "அன்பானவர், பண்பானவர், கண்டிப்பானவர்". நன்னூல் ஆசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் பூவுக்கும் ஒப்பிட்டதை எடுத்துப் போட்டு, "இந்த நான்கும் எங்கள் சார்வாள்தான்" என்று குறைந்தது ஐந்து பேர் எழுதுவார்கள். எழுதியவர்கள் எல்லாரும் மனதார எழுதியதுதான். ஆனால் மலரை மூடி வைத்தால் அந்த மனிதர் கண் முன்னால் வரமாட்டார். பெயரை மாற்றினால் வேறு எந்த வாத்தியாருக்கும் பொருந்தும்.

இதை நான் கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்துத் தலைமையாசிரியருக்கு மலர் போட்டோம். வெளியீட்டு விழாவில் எல்லாரும் பேசி முடித்த பிறகு, பீடி சுற்றும் அம்மா ஒருத்தர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மேடைக்குக் கீழே நின்றே பேசினார். அந்தக் காலத்தில் பிள்ளைகள் காலையில் சுற்றி முடித்த பீடியைக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வர முடியும். கடையில் வரிசை நின்றால் நேரமாகிவிடும். நேரமானால் வருகைப் பதிவு கிடைக்காது, நாலு நாள் அப்படிப் போனால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள். "கடைக்குப் போய்ட்டு வரட்டும்னு எங்களுக்காவ அட்டெண்டன்ஸை மூடாம வச்சிருப்பாவ சார்வாள். நான் எட்டு வரைக்கும் படிச்சது அதனாலதான்" என்றார். அவ்வளவுதான் பேசினார். அந்த மனிதரைப் பற்றி 180 பக்கத்தில் நாங்கள் சொல்லாததை அவர் இரண்டு வரியில் சொன்னார். அச்சான மலரில் அது இல்லை. ஏன் இல்லை? நாங்கள் கட்டுரை கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டோம். எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். அந்த அம்மாவிடம் யாரும் போய்க் கேட்கவில்லை.

அதனால் என் முதல் யோசனை: கட்டுரை கேட்காதீர்கள், போய்க் கேளுங்கள். இரண்டு இரண்டு பேராக விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். முதலில் எண்பது வயது தாண்டியவர்கள், அடுத்து அவரோடு வேலை பார்த்தவர்கள், அப்புறம் பாதியில் படிப்பை விட்டவர்கள். இந்த மூன்றாவது கூட்டத்தை எல்லாரும் விட்டுவிடுவார்கள். டாக்டரும் எஞ்சினியரும் ஆனவர்களை மட்டும் வைத்து ஒரு தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி வாத்தியாரை அளக்க முடியாது. ஐந்தாவதோடு நின்றுபோய் இன்று வாழைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்கும் அவர் ஏதோ கொடுத்திருப்பார், இல்லை கொடுக்கத் தவறியிருப்பார். இரண்டுமே தெரிய வேண்டும்.

கேட்கும் விதம் முக்கியம். "சார்வாள் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவர்" என்று பதில் வரும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். முதல் நாள் உங்களை எங்கே உட்கார வைத்தார்? அடி வாங்கினீர்களா, எதற்கு? உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாரா, வந்தபோது என்ன பேசினார், தண்ணீர் வாங்கிக் குடித்தாரா? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இப்படிக் கேளுங்கள். தண்ணீர் வாங்கிக் குடித்தாரா என்ற கேள்வி நம் ஊரில் எவ்வளவு பெரிய கேள்வி என்பது உங்களுக்கே தெரியும். ஒரு ஆளிடம் தனியாகப் பேசுங்கள். நாலு பேர் கூடி உட்கார்ந்தால் முதலில் பேசியவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

அடுத்து, சொன்னதையெல்லாம் அப்படியே அச்சேற்றாதீர்கள். ஜி.யு.போப் நம் பக்கத்துச் சாயர்புரத்தில் பள்ளி நடத்தியவர். அவருடைய கல்லறையில் "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று எழுதியிருப்பதாக மேடைக்கு மேடை கேட்டிருப்பீர்கள். நானும் வகுப்பில் பல ஆண்டுகள் அப்படித்தான் சொன்னேன். ஆக்ஸ்போர்டில் இருக்கும் அந்தக் கல்லில் அப்படி ஒரு வரி கிடையாது. அவர் பிறந்தது 1820, இறந்தது 1908 என்பதும், அவர் பார்த்த வேலையும், அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அந்தக் கல்லை நிறுவினார்கள் என்பதும்தான் அதில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: இங்கிருந்து தமிழர்கள் சேர்ந்து கடல் கடந்து ஒரு வாத்தியாருக்குக் கல் நட்டிருக்கிறார்கள். உங்கள் வாட்ஸ்அப் குழு இன்று செய்ய நினைப்பதை அவர்கள் நூறாண்டுக்கு முன்னால் செய்திருக்கிறார்கள். கல்லில் இருக்கும் இந்த உண்மையை விட்டுவிட்டு, இல்லாத ஒரு வரியைப் பிடித்துக்கொண்டோம்.

உங்கள் சார்வாளைப் பற்றியும் இப்படிக் கதைகள் கிளம்பும், சில ஏற்கெனவே கிளம்பியிருக்கும். யாரும் பொய் சொல்வதில்லை. ஞாபகம் தானாகவே ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துக்கொள்ளும். ஒரு மலருக்கு ஒருவர், 1963இல் பள்ளியில் மதியச் சாப்பாட்டோடு முட்டையும் கொடுத்ததாக எழுதியிருந்தார். காமராஜர் காலத்து மதிய உணவு 1956இல் தொடங்கியது, எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982இல் வந்தது, முட்டை சேர்ந்தது 1989இல். விசாரித்தால், அவர் ஞாபகத்தில் இருந்தது தம் பிள்ளை படித்த காலம். இன்னொரு வாய்ப்பும் உண்டு, சார்வாளே கைக்காசில் முட்டை வாங்கிக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் அது பெரிய செய்தி. அதனால் தவறு என்று அடித்துவிடாமல், வேறு இரண்டு பேரிடம் கேளுங்கள்.

நான் வைத்திருக்கும் முறை எளிது. ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறித்துக்கொள்வேன்: காகிதம் இருக்கிறது, நேரில் பார்த்தவர் சொன்னார், கேள்விப்பட்டது. காகிதம் என்றால் அவருடைய பணிப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, ஆண்டு விழா அழைப்பிதழ், ஊர்க் கூட்டத் தீர்மான நோட்டு, பழைய கடிதங்கள். மூன்றாவது வகையை விட்டுவிட வேண்டியதில்லை, "என்று ஊரில் சொல்வார்கள்" என்று சேர்த்தால் போதும். படங்களைப் பற்றி ஒன்று: குழுப் படங்களை லேமினேட் செய்யவே செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காமல் அப்படியே வைத்துப் படம் எடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை இந்த ஆண்டே எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த பத்தாண்டில் அந்த முகங்களுக்குப் பெயர் சொல்ல ஆள் இருக்காது.

ஓராண்டுக் கெடுவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இறந்தது 1876இல். அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகமாக வெளியிட்டது 1933, 1934இல். ஐம்பத்தேழு ஆண்டு கழித்து! அவ்வளவு தாமதிக்கச் சொல்லவில்லை. சேகரிப்பை இன்றைக்கே தொடங்குங்கள், அச்சுக்கு அவசரப்படாதீர்கள். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் படத்திறப்பும், சேகரித்ததில் பத்துக் குரல்களை மைக்கில் போட்டுக் கேட்பதும் போதும். மலர் இரண்டாம் ஆண்டு வரட்டும்.

இனி கொஞ்சம் சங்கடமான இடம். உங்கள் சார்வாள் பிரம்பு எடுப்பவரா? அந்தத் தலைமுறையில் எடுக்காதவர்கள் குறைவு. நான் வேலை பார்த்த ஒரு மலருக்கு ஒருவர், தாம் வாங்கிய அடியில் பயந்துபோய் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டதைக் கோபமே இல்லாமல் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். கடைசியில், "ஆனாலும் எங்கப்பா செத்தப்போ முதல் ஆளா வந்து நின்னவர் அவர்தான்" என்று முடித்திருந்தார். குழு அதை எடுத்துவிடச் சொன்னது, நானும் தலையாட்டினேன். இன்று வரை அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஒரு மனிதரை முழுதாகச் சொன்ன ஒரே கட்டுரை அது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் மாணவர்களை அடிப்பதைத் தடை செய்துவிட்டது. அதற்கு முன்னால் எது சரி என்று இருந்தது, எது இப்போது தவறு என்று தெரிகிறது என்பதை நம் மாணவர்கள் படிக்கட்டும். குறையைச் சொன்னால் மரியாதை குறையும் என்று நான் நம்பவில்லை. குடும்பத்தாருக்குப் புண்படாத மொழியில் சொல்வது தொகுப்பவரின் பொறுப்பு. எந்த அளவு சொல்லலாம் என்பதற்கு என்னிடம் பொது விதி இல்லை, ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

குடும்பம் என்றதும் சார்வாளின் வீட்டம்மாவைப் பற்றி. அவர் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் அது. ஊர் முழுக்க அந்தத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது என்றால், அத்தனை பேருக்கும் உள்ளேயிருந்து காப்பி வந்திருக்கும். இருட்டிய பிறகு படிக்க வந்த பையன்களுக்குச் சோறு போட்டது யார்? வழக்குத் தீர்ப்பில் கோபித்துக்கொண்டு போனவர்களின் வீட்டுப் பெண்களிடம் மறுநாள் குளத்துப் படித்துறையில் பேசிச் சமாதானம் செய்தது யார்? நான் பார்த்த மலர்களில் அந்த அம்மாக்களுக்கு ஒரு படமும், "இவர் பின்னால் நின்ற துணைவியார்" என்ற ஒரு வரியும்தான் கிடைத்தன. ஒரு மதியம் போய் உட்கார்ந்து, அவர் என்ன விரும்புகிறார் என்று கேளுங்கள். சிலையே வேண்டாம், மாடியில் அடுக்கியிருக்கும் அவருடைய புத்தகங்களை யாராவது ஒழுங்காக எடுத்து வைத்தால் போதும் என்றுகூடச் சொல்லலாம். அப்படிச் சொன்ன ஒரு அம்மாவை எனக்குத் தெரியும்.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போது நான்கு லட்சமும் யாருடைய சொந்தக் கணக்கில் இருக்கிறதோ, அங்கிருந்து இந்த மாதமே மாற்றுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் பணம் வைத்திருந்த நல்ல மனிதர் திடீரென்று இறந்துபோக, அதை அவருடைய வாரிசுகளிடமிருந்து வாங்குவதற்குள் குழுவே உடைந்துவிட்டது. அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். எது உங்களுக்குச் சரி, நன்கொடைக்கு வரிச் சலுகை கிடைக்குமா என்பதை ஒரு ஆடிட்டரிடம் கேளுங்கள். 2022இல் வந்த "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" திட்டம் அரசுப் பள்ளிகளுக்கானது. உங்களுடையது உதவி பெறும் பள்ளி, அதனால் பள்ளி நிர்வாகத்தோடுதான் பேச வேண்டும், பேசியதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பரிசு அறக்கட்டளை வைப்பதில் ஒரு எச்சரிக்கை. 1980களில் ஆயிரம் ரூபாய் போட்டு வைத்த பரிசுகள் நான் வேலை பார்த்த பள்ளியில் இருந்தன. தொடங்கியபோது நல்ல அகராதியே வாங்கிக் கொடுத்தார்கள். நான் ஓய்வு பெறும்போது வட்டி எழுபது ரூபாய், ஒரு பேனாவோடு முடிந்தது. இன்று மூன்று லட்சத்தை ஆறரை சதவீதத்தில் போட்டால் ஆண்டுக்கு 19,500 ரூபாய் வரும். அதில் மூன்றில் ஒரு பங்கை முதலோடு சேர்த்துக்கொண்டே போனால்தான் அதன் மதிப்பு கொஞ்சமாவது நிற்கும். மொத்தமாக ஒரு தடவை கொடுப்பதைவிட, ஐம்பது பேர் மாதம் நூறு ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு அறுபதாயிரம் வருகிறது. மாதாமாதம் கொடுப்பவர் மாதாமாதம் நினைப்பார் என்பது என் அனுபவம்.

இப்போது அந்தத் திண்ணைக்கு வருகிறேன். ஒருவரைக் கௌரவிக்க என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அவர் போனதும் எந்த வேலை நின்றுபோனது? உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் திண்ணை நின்றுபோயிருக்கிறது. இந்த மூன்று மாதத்தில் எந்தப் பாட்டிக்கு பென்ஷன் வராமல் நின்றிருக்கிறது, எந்தப் பிள்ளை விண்ணப்பிக்காமல் விட்டிருக்கிறது என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அந்த வேலை இன்று மாறிவிட்டது. பேனாவும் வெள்ளைத் தாளும் போதாது. ஆதாரில் பிறந்த தேதி சரியாக இருக்க வேண்டும், கைப்பேசி எண் இணைந்திருக்க வேண்டும், இ-சேவையில் ஏற்ற வேண்டும், ஓடிபி வர வேண்டும். ஊரில் கல்லூரிக்குப் போகிற பெண் பிள்ளை ஒருத்திக்கு மாதம் இரண்டாயிரம் கொடுத்து, ஒரு மடிக்கணினியும் வாங்கிக் கொடுத்தால் ஞாயிறு காலை மூன்று மணி நேரம் அவள் இதைச் செய்வாள். ஆண்டுக்கு 24,000 ரூபாய். மதியத்துக்கு மேல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்துத் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வுக்குப் பழக்குங்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை எழுதலாம். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம் ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000. வெளியூரில் இருக்கும் நீங்கள் ஆளுக்கொரு ஞாயிறு காணொளியில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். இரண்டு பிள்ளைகள் தேறினாலே உங்கள் ஆண்டுச் செலவைவிடப் பெரிய தொகை அந்த வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இது நடக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நான் பார்த்த இரண்டு ஊர்களில் ஒன்றில் ஆறாவது மாதமே நின்றுபோனது, பொறுப்பாக இருந்த பையன் வேலைக்குப் போய்விட்டான், அடுத்த ஆளை யாரும் தயார் செய்யவில்லை. இன்னொரு ஊரில் ஏழாவது ஆண்டாக நடக்கிறது. அங்கே தொடக்கத்திலேயே இரண்டு பேரைச் சேர்த்து வைத்திருந்தார்கள், இடமும் பழைய வாத்தியாரின் வீட்டுத் திண்ணையாகவே இருந்தது. இடம் மாறாததால் வயதானவர்களுக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை, கால் தானாக அங்கே வந்தது. அந்தச் சிறிய விஷயம்தான் வித்தியாசமோ என்று நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது.

அதனால் குழுவில் சிலையா மலரா என்று வாக்கெடுப்பு வைப்பதற்கு முன்னால், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது சார்வாள் வீட்டுக்குப் போய் இரண்டு விஷயம் கேட்டுவிட்டு வாருங்கள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையைத் தர அவர்களுக்குச் சம்மதமா? அந்த மர மேசை இன்னும் இருக்கிறதா, யாராவது தூக்கிக் கொண்டுபோய்விட்டார்களா? கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள், மலருக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.